ஆள்சேர்ப்பு மேசை

மொன்ட்ரியால்-நோர்
2008 தை 12

சிசிலி,

கடிதத்தின் மேலே சின்னச் சிலுவை ஒன்று போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லித் தந்தவ. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் அந்தப் பழக்கத்தை நான் விட்டதில்லை. இந்தக் கடிதத்தில் போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை.

நீ திரேசம்மாவிடம் கொடுத்துவிட்ட சாப்பாட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். செத்த வீட்டுக்குச் சொந்தம்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சோற்றில் ஒரு வாய் வைத்தால் நீ என் சொந்தம் என்று ஆகிவிடும். அதனால்தான் வாங்கவில்லை.

எனக்குப் போன் எடுக்காதே. உன் குரல் அம்மாவின் குரல் மாதிரி. கேட்டால் அழுவேன். நான் அழுதால் சமாதானம் வந்துவிட்டது என்று நீ நினைப்பாய். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

நான் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆப்கானிஸ்தானில் என் மகன் டினோஜன் போன வண்டிக்குக் கீழே குண்டு வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் தன் ஊரில் தன் றோட்டில் வைத்தான். அவன் மொன்ட்ரியாலுக்கு வந்து என் பிள்ளையைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர் உன் புருஷன். கோயில் ஹோலில், தமிழ்ப் பூசை முடிந்து சனம் ரீ குடிக்கிற நேரம் பார்த்து, கனடா ஆமிக்காரருக்கு மேசை போட்டுக் கொடுத்தவர் கிறகரி. என் பிள்ளையைத் தன் காரில் ஏற்றி ஆள் சேர்க்கிற கந்தோருக்குக் கொண்டுபோனவர் கிறகரி. என் குசினியில் இருந்து என் கோப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னவர் கிறகரி: "பயப்பிடாதேங்கோ மச்சாள், ஸ்டோர் அறையில நிண்டு சாமான் குடுக்கிற வேலைதான். படிச்ச பிள்ளையைச் சண்டைக்கு விடமாட்டினம்."

டினோ ஸ்டோர் அறையில் சாகவில்லை.

அல்போன்சம்மா


இல்-பிசார்
2008 தை 27

இயேசு மரி சூசை நம் இரண்டு வீட்டையும் காக்கட்டும்.

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு கிழமையாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குக் கோபமில்லை. பெற்ற வயிறு.

ஆனாலும் அக்கா, நியாயத்தையும் பாருங்கள். டினோவுக்கு இருபது வயது. கொலிஜ்ஜைப் பாதியில் விட்டுவிட்டு டெப்பனர் கடையில் பியர்ப் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றான். எங்கு போனாலும் வேலை இல்லை என்றார்கள். இவர் ஒரு கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். யாரும் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. இது எங்கள் ஊர் இல்லையே. தானே விரும்பிக் கையெழுத்து வைத்தான். சேதி வந்த நாள் இவர் நிலக்கீழ் அறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். நான் கேட்டேன்.

உங்களுக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது. இவர் பங்குச் சபைத் தலைவர் என்ற முறையில் ஃபாதரோடு கதைத்து, டினோவின் படத்தைப் பெரிதாக்கி ஹோல் சுவரில் வைக்க ஒழுங்கு செய்திருக்கிறார். குருத்தோலை ஞாயிறு பூசைக்குப் பிறகு திறப்பு. ஆமியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து சலூட் அடிப்பார். நம் சனத்தில் வேறு யாருக்கு அந்த மரியாதை கிடைத்தது? தாய்க்கு என்று அவர்கள் தந்த வெள்ளிச் சிலுவையை நீங்கள் போட்டுக்கொண்டு வந்து மெழுகுதிரி ஏற்ற வேண்டும். அன்றைக்கு அவர்கள் மேசையும் போடுவார்கள் போல. அது அவர்கள் எங்கு போனாலும் வழக்கம்தானே.

மகன் ஜெனாட் உங்களைச் சுகம் கேட்டபடி இருக்கிறான். டினோ அண்ணாவின் ஹொக்கி மட்டையைத் தன் அறையில் வைத்திருக்கிறான்.

தங்கை
சிசிலி


மொன்ட்ரியால்-நோர்
2008 மாசி 10

சிசிலி,

அந்த வெள்ளிச் சிலுவை அலுமாரியில் மடித்த துவாய்களுக்குக் கீழே கிடக்கிறது. கழுத்தில் போட மாட்டேன்.

பிடித்துக்கொண்டு போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். எண்பத்தொன்பதை மறந்துவிட்டாயா? மன்னாரில் இந்தியன் ஆமி நின்ற காலம், அவர்களோடு நின்ற இயக்கக்காரர் றோட்டில் போன பெடியன்களை வான் வண்டியில் ஏற்றிப் படைக்குக் கொண்டுபோனார்கள். நம் அண்ணையையும் ஏற்றினார்கள். அம்மாவும் கடற்கரைப் பெண்களும் மீன் வெட்டுகிற கத்தியைக்கூட வீட்டில் வைக்காமல் அப்படியே போய்க் காம்ப் வாசலில் குந்தினார்கள். கலியாணம் முடித்த புதிதில் நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். துவக்கால் இடித்தார்கள். எழும்பவில்லை. மூன்றாம் நாள் அண்ணையை மொட்டைத் தலையோடு வெளியே தள்ளினார்கள்.

அங்கே வான் வந்தது. இங்கே வேலை இல்லாத பிள்ளைக்கு முன்னால் மேசை வருகிறது. வானைக் கண்டால் ஓடலாம். மேசையைக் கண்டு யார் ஓடுவார்கள்? அதில் பேனையும் தொப்பியும் சித்தப்பாவும் அல்லவா இருக்கிறார்கள்.

நான் வேலை செய்கிற தையல் பக்டரி உனக்குத் தெரியும். மற்றத் தையல் எல்லாம் சீனாவுக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஆமிக் காற்சட்டை மட்டும். ஒருத்தி பை வைப்பாள், ஒருத்தி இடுப்பு. நான் முழங்கால் துண்டு. டினோவை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குப் போன அன்று முதலாளி எல்லா மெஷினையும் நிற்பாட்டி ஒரு நிமிடம் எழும்பி நிற்கச் சொன்னான். நின்றோம். நிமிடம் முடிந்ததும் கையைத் தட்டி "அல்லே, அல்லே" என்று வேலைக்கு விரட்டினான். நான் இருந்து முழங்கால் துண்டு வைத்தேன். ஏன் வைத்தாய் என்று நீ கேட்காதே. உன் வீட்டுக்கு வாடகை இல்லை.

பக்கத்து மெஷின் செலீன், ஹெயிட்டிக்காரி. அவள் மகனும் கடைத்தொகுதியில் போட்ட மேசையிலிருந்து ஆமிப் பேப்பர் கொண்டுவந்திருக்கிறான். அவள் அதைக் கிழித்து அடுப்பில் வைத்தாளாம். மெஷின் திருத்துகிற பிரெஞ்சுக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: தொண்ணூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து ராசாவின் சண்டைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்தபோது பக்டரிச் சனம் றோட்டில் இறங்கியதாம். கெபெக் நகரத்தில் பாஸ்குப் பெருநாளில் ஆமி தன் சனத்தையே சுட்டதாம். அவருடைய தகப்பனின் தகப்பன் மரம் வெட்டுகிறவர்களோடு காட்டில் ஒளித்துக் கிடந்தாராம். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று செலீன் கேட்டாள். உங்களுக்குச் சொன்னால் யார் போவது என்று அந்த மனுசன் சிரித்தார்.

உன் புருஷனிடம் சொல். என் பிள்ளையின் படத்தைத் தூண்டிலில் இரையாகக் குத்த விடமாட்டேன். மேசை போட்டால் நான் வருவேன். தனியாக வரமாட்டேன்.

அல்போன்சம்மா


இல்-பிசார்
2008 பங்குனி 18

அக்கா,

சந்தோசமா? உன் வயிறு குளிர்ந்ததா?

குருத்தோலை ஞாயிறு. கையில் குருத்தோலையோடு சனம் ஹோலுக்குள் வருகிறது. டினோவின் படத்துக்கு நான் கட்டிய பூமாலை இன்னும் வாடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நீயும் உன் பக்டரிப் பெண்களும். அத்தனை பெண்கள்! கறுப்பு, வெள்ளை, அல்ஜீரியாக்காரிகள் முக்காட்டோடு. பிரெஞ்சில் கத்துகிறார்கள், ஹெயிட்டிக் கிரியோலில் கத்துகிறார்கள். மேசையின் இரண்டு காலைத் தூக்கிக் கவிழ்த்தாள் உன் செலீன். பேனை, தொப்பி, பலூன் எல்லாம் ரீ சிந்திய நிலத்தில். அந்த இரண்டு ஆமிப் பிள்ளைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் டினோவின் வயதுதான் இருக்கும். ஃபாதர் "அம்மா, அம்மா" என்று கும்பிட்டது உன் காதில் விழவில்லையா?

அதோடு விட்டாயா? வாசல் படியில் வைத்திருந்த உப்பும் மண்ணும் கலந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளிக்கொண்டு வந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாய். இவருடைய தலையில் கொட்டினாய். கண்ணுக்குள் உப்பு. இன்னும் சிவந்திருக்கிறது. முழுச் சனமும் கேட்கக் கத்தினாய்: "கிறகரி, என்ர வீட்டில ஒண்டு போனது போல உன்ர வீட்டிலயும் ஒண்டு போகட்டும்! நீயும் பெட்டி பிடிச்சு அழு!"

உன்ர வீடு என்றால் யார் அக்கா? எனக்கு எத்தனை பிள்ளை? ஒன்றுதான். அவன் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் கையில் ஓலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பொலிஸ் உன்னைக் கொண்டுபோனபோது முறைப்பாடு இல்லை என்று சொன்னவர் இவர்தான். அதையாவது நினை.

சிசிலி


மொன்ட்ரியால்-நோர்
2008 பங்குனி 30

சிசிலி,

இந்த முறை நீ "நீ" என்று எழுதியிருந்தாய். நல்லது. இத்தனை வருடம் "நீங்கள், நீங்கள்" என்று பஞ்சு வைத்துக் கதைத்தாய். இப்போதுதான் என் தங்கச்சி எழுதியது மாதிரி இருந்தது.

முறைப்பாடு கொடுத்திருக்கலாம். அவரிடமிருந்து எனக்கு ஒரு தயவும் தேவையில்லை.

மண் அள்ளித் தூற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் வீட்டுக்குப் பின்னால் போய் மீன் கத்தியால் தோண்டிப் பார்த்தேன். இந்த வருடப் பனி உனக்குத் தெரியும்தானே, இடுப்பளவு. அதை விலக்கினால் நிலம் இரும்பு. கத்தி நுனி உடைந்தது. ஒரு தாய் சபிக்கப் பிடி மண் கிடைக்காத ஊர் இது. பேந்து கோயில் படியில் அந்தப் பெட்டியைக் கண்டேன். சனம் வழுக்கி விழாமல் இருக்க வைத்தது. எனக்கு உதவியது.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். முதலாளி கூப்பிட்டு, "மதாம், கொஞ்ச நாள் வீட்டில நில்லுங்கோ" என்று மரியாதையாகத்தான் சொன்னான். பை எடுக்க வந்தபோது செலீன் பார்த்தாள். தன் மெஷினை நிற்பாட்டினாள். அடுத்தவள் நிற்பாட்டினாள். அடுத்தது அயன்காரி. ஹோலுக்கு வராதவர்கள்கூட. பக்டரி அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை. என் மகனுக்கு நின்ற அந்த ஒரு நிமிடம் மாதிரி, ஆனால் இதை யாரும் கை தட்டி முடிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் ஒரு ஆமிக் காற்சட்டைக்கும் காலும் இடுப்பும் சேரவில்லை. முதலாளி வந்து என் கதிரையைத் தானே இழுத்துப் போட்டான்.

இனிக் கடைத்தொகுதியில் எங்கு மேசை போட்டாலும் முறை வைத்துப் போவது என்று கதைத்திருக்கிறோம்.

சொன்னதைத் திருப்பி எடுக்கச் சொல்லி நீ கேட்கப் போகிறாய். எடுக்க மாட்டேன்.

அல்போன்சம்மா


இல்-பிசார்
2008 சித்திரை 20

அக்கா,

கோபத்தில் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

ஜெனாட் ஆமியில் சேரப் போகிறானாம்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் சொன்னான். எங்களோடு பிரெஞ்சிலும் இங்கிலீசிலும்தான் கதைப்பான் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுத் தமிழில் சொன்னான். ஒவ்வொரு சொல்லாக யோசித்து வைத்திருந்திருக்கிறான்.

"அப்பா, டினோ அண்ணாவைக் காரில கூட்டிக்கொண்டு போனீங்கள். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

இவர் சிரிக்கப் பார்த்தார். "உனக்கென்னடா, நீ படிக்கிற பிள்ளை."

"டினோ அண்ணா என்ன பிள்ளை?"

"அவனுக்கு வேலை இல்லை. அதுக்குத்தான்..."

"அப்ப வேலை இல்லாத ஆக்கள் சாகலாம். நாங்கள் படம் வைப்பம். அப்பிடியோ?"

இவர் கையை ஓங்கினார். அவன் தலையைக் குனியவில்லை. "பெரியம்மா சொன்னது சரிதானே. அவவின்ர வீட்டில ஒண்டு போச்சுது. எங்கட வீட்டிலயும் ஒண்டு போகோணும். ஒண்டுக்கு ஒண்டு. இல்லாட்டி நீங்கள் எல்லாரும் கள்ளர்."

பதினெட்டு முடிய முதல் சேர எங்கள் கையெழுத்து வேண்டும். அதனால் காத்திருக்கிறான். ஆனி மூன்றாம் திகதி அவனுக்குப் பதினெட்டு. அன்று காலையே போவானாம். காலையில் எழும்பி ஓடுகிறான், இந்தக் குளிரில், நாங்கள் இருக்கிற தீவைச் சுற்றி. தகப்பனோடு ஒரு சொல் இல்லை. ஃபாதர் வந்து கதைத்தார், கேட்கவில்லை. உங்கள் சொல்லை மட்டும் கேட்பான். அது உங்கள் சொல்லால் வந்தது அக்கா. ஒரு போன் எடுங்கள். "தம்பி, நான் ஆத்திரத்தில் சொன்னது" என்று ஒரு வார்த்தை.

சிசிலி


மொன்ட்ரியால்-நோர்
2008 சித்திரை 27

சிசிலி,

பொய் எழுத எனக்கு வராது. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோசம் வந்தது. டினோ செத்த பிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. மீன் குழம்பு வைத்து இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன். இப்படியும் ஒரு மனுசியா என்று நீ கேட்பாய். இப்படியும் ஒரு மனுசிதான்.

இப்போது உனக்குத் தெரியும், பிள்ளை வெளிக்கிட்டுப் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று. இன்னும் முழுக்கத் தெரியாது. தெரிய வரும். ரேடியோவில் "கந்தகார்" என்று கேட்டால் கையில் இருக்கிறதைக் கீழே போடுவாய். வாசலில் தெரியாத கார் நின்றால் கதவைத் திறக்க மாட்டாய். திறக்காவிட்டால் சேதி உள்ளே வராது என்று நினைப்பாய். நான் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

நான் போன் எடுக்கத் தேவையில்லை. ஜெனாட் இங்கேதான் இருக்கிறான். வியாழக்கிழமை ஒரு பையோடு வந்தான். "பெரியம்மா, இங்க நிக்கலாமோ?" என்றான். நில் என்றேன். டினோவின் கட்டிலில் படுக்கிறான். கொலிஜ்ஜுக்கு இங்கிருந்து பஸ்ஸில் போகிறான், தூரம்தான், போகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான்.

போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

அல்போன்சம்மா


இல்-பிசார்
2008 வைகாசி 11

அக்கா,

இன்று அன்னையர் தினம். கோயிலில் தாய்மாருக்கு ஒவ்வொரு றோசாப்பூக் கொடுத்தார்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் மீன் குழம்பு சாப்பிட்ட கதையைப் படித்தேன். சாப்பிடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். நான் வாதாடப் போவதில்லை. இவர் ஸ்டோர் அறை என்று சொன்னது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியுமா என்று நீங்கள் கேட்டதில்லை. தெரியாது. ஆனால் நான் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பது சுகமாக இருந்தது.

உனக்கு என் பிள்ளை வேண்டுமா? எடுத்துக்கொள். உன்னோடேயே வைத்துக்கொள். உன்னை அம்மா என்று கூப்பிடட்டும், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பட்டும். நான் ஒரு நாளும் வந்து கேட்க மாட்டேன். ஆனால் உயிரோடு வைத்துக்கொள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன். ஆனி மூன்று கிட்ட வருகிறது.

சிசிலி


மொன்ட்ரியால்-நோர்
2008 வைகாசி 16

சிசிலி,

சொல்கிறேன்.

வருகிற இருபத்தைந்தாம் திகதி ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்க உன் புருஷன் மைக்குக்குப் போவார்தானே. அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால், அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். "டினோஜனைக் கொண்டுபோய்க் குடுத்தது நான். ஸ்டோர் அறை எண்டு தாய்க்குச் சொன்னது பொய். இனி இந்த ஹோலுக்குள்ள அந்த மேசை வராது." இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவேண்டாம். அந்தச் சொல்லை அவர் வடிவாகச் சொல்லுவார், சனம் அழும், பேந்து எல்லோரும் ரீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவர் சொன்னால் நான் ஜெனாட்டோடு கதைப்பேன். நான் அங்கே வர மாட்டேன். எனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது.

அல்போன்சம்மா


இல்-பிசார்
2008 வைகாசி 26

அக்கா,

திரேசம்மா வந்து சொல்லியிருப்பாள். என் கையாலும் எழுதுகிறேன்.

இவர் சம்மதித்துத்தான் வந்தார். காரில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மைக்குக்குப் போனார். மரியன்னை மாதம் முடிகிற ஊர்வலம், முதல் நன்மை வகுப்பு, ஹோல் கழுவ ஆள் தேவை, எல்லாம் வாசித்தார். பிறகு கடதாசியை மடித்தார். சனத்தைப் பார்த்தார். "யேசுவுக்குத் தோத்திரம்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

நான் எழும்பினேன். நான் மைக்கில் கதைத்ததே இல்லை, வாசகம்கூட வாசித்ததில்லை. "டினோஜனைக் கொண்டுபோய்க் குடுத்தது எங்கட வீடு" என்றேன். அதற்குள் இவர் ஓடிவந்து மைக்கின் சுவிட்சை நிற்பாட்டினார். நான் நிறுத்தவில்லை. சுவருக்குக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னேன். ஸ்டோர் அறை பொய் என்றேன். மேசை இனி வராது, வந்தால் நானே கவிழ்ப்பேன் என்றேன். பின் வாங்கிலில் இருந்த ஒரு கிழவர், "அவ சொல்லட்டும், விடும் கிறகரி" என்றார். அன்றைக்கு ஒருவரும் ரீ குடிக்கப் போகவில்லை.

இவர் என்னை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரேசம்மாவின் மகள்தான் கொண்டுவந்து விட்டாள். நிலக்கீழ் அறையில் படுக்கிறார். என்னோடு கதை இல்லை. இருக்கட்டும்.

நீங்கள் கேட்டது அவருடைய வாயால். அது நடக்கவில்லை. எனக்குத் தெரியும். என் வாய் போதுமா அக்கா?

சிசிலி


மொன்ட்ரியால்-நோர்
2008 வைகாசி 30

சிசிலி,

போதாது. நான் கேட்டது அவரை. நீ ஏறிச் சொன்னது உன் கணக்கு, அது உனக்கும் கடவுளுக்கும். அவருக்கு நான் போட்ட சாபம் அவர் தலையில் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ மைக்கில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமையே, நான் ஜெனாட்டோடு கதைத்து முடித்துவிட்டேன். அவன் போகமாட்டான். உனக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. நீ எழும்புகிறாயா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. இரண்டு நாள் நீ கொதி எண்ணெயில் நிற்கட்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

நடந்தது இதுதான். இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பெரியம்மா, ஆனி மூண்டு காலமை போறன். நீங்கள் என்னோட கந்தோர் வரைக்கும் வாறீங்களோ?" என்றான்.

"நான் ஏன் வரோணும்?"

"நீங்கள்தானே சொன்னீங்கள். எங்கட வீட்டிலயும் ஒண்டு போகட்டும் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சிசிலி. நெஞ்சு நோகச் சிரித்தேன். "டேய் விசரா, அது சாபமடா. சாபம் போடுறது மனுசர், செய்யிறது கடவுள். உன்னை ஆர் கடவுளுக்கு வேலைக்கு வைச்சது?"

"கடவுள் செய்யாட்டி?"

"செய்யாட்டி நான் செத்தாப் பிறகு அவரோட கதைப்பன். நீ இடையில வராத."

இங்கே வளர்ந்த பிள்ளை. ஊரில் எத்தனை பெண்கள் எத்தனை வீட்டு வாசலில் மண் தூற்றியிருப்பார்கள்? எந்த வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டுத் தானே போய்ச் சாகிறேன் என்று எழும்பினான்? இவன் அதைக் கோர்ட்டில் போட்ட தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு தினம் ஓடிப் பழகியிருக்கிறான். சிரித்து முடிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. உன் புருஷன் மேசை போட்டு ஆள் சேர்த்தார். நான் மேசையே இல்லாமல் சேர்த்துவிட்டேன்.

"அப்ப உங்களுக்குக் கோபம் போயிட்டுதோ?" என்று கேட்டான்.

"போகேல்லை. போகாது."

"பிறகு ஏன்?"

யாருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னேன். பெட்டியைத் திறக்க அவர்கள் விடவில்லை. "வேண்டாம் மதாம்" என்று அந்த அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டான். நம் சனத்தில் எந்தத் தாய் பிள்ளையின் முகத்தைக் கொஞ்சாமல் குழிக்கு அனுப்பினாள்? நான் பெட்டியில் போர்த்திய கொடியைக் கொஞ்சினேன். நைலோன் மணம். அந்தக் கொடியை உன் வாயிலும் வைக்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஆசைப்பட்டேன். "அது என்ர ஆசை," என்று அவனுக்குச் சொன்னேன். "ஆசைப்பட்டது நான். அதுக்கு உன்ர உடம்பைத் தாற வேலை உனக்கில்லை. அவங்களுக்கு இந்தக் குடும்பத்தில இருந்து ஒண்டு போயிட்டுது. உன்ர தகப்பனைப் பழிவாங்கக்கூட இன்னொண்டு நான் குடுக்கமாட்டன்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு அழுதான், சத்தமில்லாமல், மூக்கை இழுத்துக்கொண்டு. நான் தொடவில்லை. தொட்டிருந்தால் டினோ என்று கூப்பிட்டிருப்பேன். இன்னும் இரண்டு இடியப்பம் போட்டேன். சாப்பிட்டான்.

ஆகவே உனக்காக இல்லை. அவருக்காகவும் இல்லை. நீ மன்னிப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

நாளைக்குச் சனிக்கிழமை கடைத்தொகுதியில் மேசை போடுகிறார்களாம். செலீனும் நானும் மற்றவர்களும் போய் முன்னால் குந்தப் போகிறோம். பொலிஸ் வரும். ஜெனாட் தானும் வருவேன் என்று நிற்கிறான், கடதாசி மட்டையில் ஏதோ பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருக்கிறான். நீ வந்தால் வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நிலம் எல்லோருக்கும்தான். எனக்குப் பக்கத்தில் குந்தாதே.

ஞாயிறு பூசைக்குப் பிறகு வந்து உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நீயே ஓட்டிக்கொண்டு வா, அவரைக் கொண்டுவராதே. வாசலில் நிற்பாட்டி ஹோர்ன் அடி, வருவான். காரை விட்டு இறங்காதே.

அல்போன்சம்மா